15,000 ரூபா, வாடகை வீடு, பிஸ்தா பச்சை சுவர்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க மதுரை விளாங்குடியில மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம், வந்து எட்டு மாசம் ஆச்சு. ஹால் 10க்கு 14 அடி. வெளிய மேற்கு பாத்த சின்ன பால்கனி, 4க்கு 9. ஹால் பூரா ஓனர் அடிச்ச பிஸ்தா பச்சை, எனக்கு சுத்தமா பிடிக்கல. ஆணி அடிக்கக் கூடாதுன்னு கண்டிஷன் வேற. தை மாசம் கோயம்புத்தூர்ல இருந்து நாத்தனார் குடும்பத்தோட வந்து ஒரு வாரம் தங்கப் போறாங்க. அவங்க வீடு சொந்த வீடு, இன்டீரியருக்கே ஏழு லட்சம் ஆச்சாம். என் கையில சீட்டு எடுத்த காசு 15,000 இருக்கு. வால்பேப்பர் ஒட்டி, பால்கனியில செயற்கை புல் போட்டு, காரைக்குடி போய் ரெண்டு ஆன்டிக் வாங்கி வச்சா நல்லா இருக்குமா? போட்டோ ஆறு அனுப்பியிருக்கேன். (மதுரை வாசகி)

பதில்:

சரிம்மா, நீங்க கேட்ட மூணுக்கும் மொதல்ல பதில் சொல்லிடறேன். வால்பேப்பர் வேணாம். செயற்கை புல் வேணவே வேணாம். காரைக்குடி இப்ப வேணாம், போனா சும்மா ஊர் சுத்திப் பாத்துட்டு சாப்டுட்டு வாங்க, பர்ஸை அவர்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

வாடகை வீட்டுக்கு யார் என்கிட்ட வந்து கேட்டாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேப்பேன். இந்த வீட்டை காலி பண்ற அன்னிக்கு நீங்க வாங்குன பொருள் உங்க கூட மினி லாரியில ஏறுமா, இல்ல ஓனர் சுவத்துலயே தங்கிடுமா? ஏறும்னா வாங்குங்க. தங்கிடும்னா அதுக்கு ஒரு ரூபா கூட போடாதீங்க. வால்பேப்பர் லாரியில ஏறாது. அது மட்டும் இல்ல, உங்க அட்வான்ஸையும் சேத்து உரிச்சுட்டுப் போயிடும். அனுபவத்துல சொல்றேன், தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கிளையண்டோட வாடகை வீட்ல இந்த ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுற பேப்பரை நானே நின்னு ஒட்ட வச்சேன், பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க காலி பண்றப்ப உரிச்சா பெயிண்ட்டும் பட்டியும் அப்படியே பத்தையா கூட வருது. ஓனர் அட்வான்ஸ்ல 8,000 பிடிச்சுட்டாரு, பாதியை நான் குடுத்தேன், அதோட அந்தப் பொழப்ப விட்டாச்சு. உங்க மூணாவது போட்டோவுல பால்கனி பக்கத்து சுவத்துல கீழ ஒரு அடிக்கு பெயிண்ட் உப்பிட்டு இருக்கு பாருங்க, அது ஓதம். அதுமேல பேப்பர் ஒட்டினா உள்ளுக்குள்ள பூஞ்சை பிடிச்சு மூணே மாசத்துல ஈர நாத்தம் வர ஆரம்பிச்சிடும். அதுல காசு போடறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட சொல்லி எங்க தண்ணி எறங்குதுன்னு பாக்கச் சொல்லுங்க, அது அவர் வேலை.

இப்ப பச்சைக்கு வருவோம். நீங்க திட்டுவீங்க, ஆனா எனக்கு அந்தப் பச்சை பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ப்பக்கம் பழைய ஓட்டு வீடுகள்ல திண்ணைச் சுவரு, ஜன்னல் கதவெல்லாம் கிட்டத்தட்ட இதே பச்சைதான் இருக்கும், அதுக்குப் பக்கத்துல செவப்பு சிமெண்ட் தரை, தேக்கு பெஞ்சு, பித்தளைக் குடம் எல்லாம் எவ்ளோ எடுப்பா இருக்கும்! உங்க வீட்ல அது ஆஸ்பத்திரி மாதிரி தெரியறதுக்கு காரணம் சுவர் இல்லம்மா, தலைக்கு மேல எரியற அந்த டியூப்லைட். போட்டோவைப் பாத்தாலே தெரியுது, 6500 கே (லைட்டோட கலரைச் சொல்ற கெல்வின் அளவு) போட்ட வெள்ளை லைட். அதுல நீலம் தூக்கலா இருக்கும், அது பச்சை மேல விழுந்தா சுவர் மட்டும் இல்ல, உங்க மூஞ்சி கூட காய்ச்சல் வந்தவங்க மாதிரிதான் தெரியும். பல்பு டப்பாவை திருப்பிப் பாருங்க, 2700 கே இல்ல 3000 கேன்னு போட்டிருக்கறதை வாங்குங்க, கடையில வார்ம் ஒயிட்னு கேட்டா குடுப்பாங்க, மஞ்சக் கலர் ஜீரோ வாட்ஸ் பல்பு எடுத்து நீட்டினா அது இல்லன்னு சொல்லுங்க. டியூப்லைட்டைக் கழட்ட வேணாம், வீடு கூட்ட, பிள்ளைங்க எழுத அது வேணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அதை அணைச்சுட்டு கீழ இருக்கற லைட்டை மட்டும் போடணும், விஷயம் அவ்ளோதான்.

அந்தக் கீழ் லைட்டுக்கு கடையில போய் லாம்ப் ஷேட் விலை கேட்டீங்கன்னா தலை சுத்தும். உங்க ரெண்டாவது போட்டோவுல ஜன்னல் மூலையில சீலிங்ல ஒரு கொக்கி தெரியுது, தொட்டில் கட்டறதுக்குப் போட்டதா இருக்கும், அது போதும். வாரச்சந்தையில காய்கறி அள்ற மூங்கில் கூடை, கொஞ்சம் ஓட்டை ஓட்டையா பின்னினது ஒண்ணு வாங்குங்க, நல்லா பேரம் பேசினா 200க்குள்ள முடியும். அடியில நடுவுல ஓட்டை போட்டு, ஹோல்டரும் வயரும் மாட்டி, கவுத்து அந்தக் கொக்கியில தொங்க விட்டுட்டு வயரை சுவரோரமா இறக்கி பிளக்ல சொருகிடலாம், வயர்லயே சுவிட்ச் வச்சுக்கலாம். இந்த வேலையை மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனை வச்சுப் பண்ணுங்க, யூடியூப் பாத்து நீங்களே டேப் சுத்தாதீங்க. பல்பு 9 வாட்ஸ் எல்இடிதான் போடணும், பழைய குண்டு பல்பு சூட்டுக்கு மூங்கில் கருகும். ஃபேன் றெக்கைக்கு எட்டாத தூரமான்னும் பாத்துக்கோங்க. மொதல் நாள் ராத்திரி லைட்டைப் போட்டதும் கூடையோட நிழல் பச்சைச் சுவத்துல கட்டம் கட்டமா விழும் பாருங்க, வால்பேப்பர் ஆசை அப்பவே போயிடும்.

அடுத்து ஜன்னல். இப்ப தொங்கற பாலியஸ்டர் கர்ட்டன் ஜன்னல் அளவுக்கே வெட்டின மாதிரி பாதியில நிக்குது, சின்னப் பிள்ளைக்கு போன வருஷத்து பாவாடையை மாட்டின மாதிரி. கர்ட்டன் மேல இருந்து தரை வரைக்கும் விழுந்தா அந்த 10க்கு 14 ஹாலே உசரமா தெரியும். இதுக்கு துணி வாங்க விளக்குத்தூண் பக்கம் ஓடாதீங்க, மொதல்ல உங்க அம்மா பீரோவைத் திறந்து பாருங்க. மதுரைப் பொண்ணு, வீட்ல கட்டாத பழைய சுங்குடி ரெண்டாவது இல்லாமலா இருக்கும்? ஒரு சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. நடுவுல வெட்டினா 9 அடி நீளத்துல ரெண்டு துண்டு. மேல ராடு போறதுக்கு மடிப்பு, கீழ ரெண்டு மடிப்புன்னு எல்லாம் போக 8 அடிக்குக் குறையாம நிக்கும். சேலை அகலம் 46 இஞ்சுன்னா ரெண்டு துண்டும் சேந்து ஏழரை அடிக்கு மேல வரும், உங்க ஜன்னல் 4 அடி, ராடு 5 அடி வச்சா சுருக்கம் சுருக்கமா அழகா விழும். அரக்கு, மாம்பழ மஞ்சள், காவி, இந்த மூணுல எது இருந்தாலும் அந்தப் பச்சைக்கு பிரமாதமா சேரும். கிளிப்பச்சை வேணாம், நீலம் கூட கொஞ்சம் யோசிங்க. 2005லயே புவிசார் குறியீடு வாங்குன துணி, அதை டிரங்குப் பெட்டியில அந்துருண்டை போட்டு மடிச்சு வச்சிட்டு நாம ஆன்லைன்ல 399 ரூபா பாலியஸ்டர் தேடறோம்.

ஒரு பிரச்சினை இருக்கு, மேற்கு வெயில். சுங்குடி மெல்லிசு, ஒரு கோடை தாங்காம வெளுத்துடும். அதனால பின்னாடி வெள்ளை காடாத்துணி லைனிங் குடுத்து தைக்கச் சொல்லுங்க, ஆறு மீட்டர் போதும். தைக்கறதுக்கு முன்னாடி சேலையை கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணியில தனியா ஒரு தடவை அலசிடுங்க, சாயம் போற சேலையா இருந்தா அப்பவே தெரிஞ்சுடும். தெருமுனை டெய்லரே போதும், கர்ட்டன் ஸ்பெஷலிஸ்ட்னு போர்டு போட்டவங்ககிட்ட போனா பிளீட்டுக்கு இவ்ளோன்னு எண்ணி வாங்குவாங்க.

ராடுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஜன்னல் சட்டத்துக்கு நடுவுல முட்டுக் குடுத்து நிக்கிற ஸ்பிரிங் ராடு இருக்கு, ஆனா அதுல உசரம் கிடைக்காது, நாம பண்ற வேலையே வீணாயிடும். ஓனர்கிட்ட நேரா போய் பேசுங்க. "ரெண்டு கிளாம்புக்கு நாலே நாலு ஓட்டை, காலி பண்றப்ப ஒயிட் சிமெண்ட் வச்சு பூசி டச்சப் பண்ணித் தந்துடறோம் சார்"னு சொல்லுங்க. ஆணி வேணாம்னு சொல்ற ஓனருங்க பாதிப் பேருக்கு பயம் என்னன்னா சுத்தியல்ல அடிச்சு காரை பேந்துடும்ங்கறதுதான், டிரில் போட்டு பிளக் வச்சு ஸ்க்ரூன்னு சொன்னா ஒத்துக்குவாங்க. ஒத்துக்கிட்டா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு வச்சுக்கோங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மறந்துடுவாங்க. ஓனருங்களும் மனுசங்கதான.

தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம், 4க்கு 6 சைஸ், செவப்புப் பட்டை போட்டது. கோஆப்டெக்ஸ்ல தள்ளுபடி நேரத்துல பாருங்க. ஃபாரின் கார்ப்பெட் மாதிரி தூசி பிடிக்காது, பிள்ளை பால் கொட்டினா தூக்கி துவைச்சுப் போடலாம், நாத்தனார் பிள்ளைங்க வந்தா அதுலயே படுத்து உருளலாம். பத்தமடைப் பாய் ஆசை இருந்தா சாதா கோரைப் பாயா எடுங்க, பட்டுப் பாய் நம்ம பட்ஜெட்டுக்கு வராது.

சரி, இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, காசே செலவில்லாத வேலை. கோவிச்சுக்காதீங்க, உங்க ஹால் போட்டோவுல நான் எண்ணினேன், மூணு காலண்டர், அதுல ஒண்ணு போன வருஷத்துது. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின நாலு பிளாஸ்டிக் சேர். டைனிங் டேபிள்ல துணி மலை. ஷோகேஸ்ல கல்யாணத்துக்கு வந்த பீங்கான் பொம்மை, டீ கப்பு, பரிசுக் கோப்பை, மாத்திரை டப்பா, எல்லாம் ஒரே தட்டுல நெருக்கியடிச்சு நிக்குது. இதுல இன்னும் ஒரு ஆன்டிக் கொண்டாந்து வச்சா அதுவும் அந்தக் கூட்டத்துல காணாம போயிடும். ஷோகேஸை மொத்தமா காலி பண்ணிட்டு, தட்டுக்கு மூணு பொருள், அதுக்கு மேல ஒண்ணு கூட இல்லன்னு வச்சுக்கோங்க. ஸ்டீல் பீரோ ஹால்ல என்ன பண்ணுது? அது பெட்ரூமுக்குப் போகட்டும். பழைய பேப்பர்காரர்கிட்ட போடறதைப் போட்டா பூந்தொட்டிக் காசு வந்துடும்.

காரைக்குடி ஏன் வேணாம்னேன்னா, முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் இருக்கற பழைய சாமான் கடைங்க அருமையான இடம், நானே கிளையண்ட்டுக்காக போறதுதான், ஆனா இப்ப அங்க சினிமாக்காரங்க, ரிசார்ட் ஆளுங்க, ஃபாரினர் எல்லாம் வந்து போற விலை. ஒரு சின்ன எனாமல் தூக்கு, ஒரு மர அஞ்சறைப் பெட்டின்னு எடுத்தாலே உங்க பட்ஜெட்ல கால்வாசி போயிடும், அதுலயும் புதுசா செஞ்சு பழசாக்கின சாமானை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகணும். உங்க மாமியார் வீட்டுப் பரண்ல என்ன கிடக்குன்னு கேளுங்க. பித்தளைக் குடம், மரக்கா, படி, முறுக்கு உரல், உருளி, உக்காந்து சாப்பிடற மனைப்பலகை. புளியும் உப்பும் போட்டு தேச்சா ஒரு மணி நேரத்துல பளபளன்னு ஆயிடும். உருளியில தண்ணி ஊத்தி நாலு செம்பருத்தியை மிதக்க விட்டு வாசல் பக்கம் வச்சா போதும். தை மாசம் வர்ற நாத்தனார் அதைப் பாத்துட்டு "இது நம்ம அம்மா உருளியாச்சே"ன்னு கேப்பாங்க பாருங்க, அங்க உங்களுக்கு வேணுங்கற மரியாதை தானா வந்துடும், அவங்க ஏழு லட்சத்துல அது இல்ல.

பால்கனிக்கு வாங்க. மேற்கு வெயில்ல செயற்கைப் புல்லுங்கறது பிளாஸ்டிக்கை அடுப்புல வச்ச மாதிரி. மதுரை சித்திரை வெயிலுக்கு மூணு மணிக்கு அதுமேல காலே வைக்க முடியாது, மழை பெஞ்சா அடியில தண்ணி நிக்கும், பாசி, பூச்சி, நாத்தம். ரீல்ஸ்ல காட்றவங்க போட்ட அன்னிக்கு வீடியோ எடுக்கறாங்க, ஆறு மாசம் கழிச்சு எடுக்கறதில்ல.

இன்ஸ்டால வர்ற பீஸ் லில்லி, ஃபெர்ன், கலாத்தியாவும் இங்க ஆகாது, ரெண்டே வாரத்துல கருகிடும். அந்த வெயிலை எதிர்த்து நிக்காம, வெயிலைக் குடிக்கிற செடியா வைங்க. காகிதப்பூ ஒண்ணு, அதுக்கு ஒடச்சு நட்டா வர்ற கொப்பு பக்கத்து வீட்ல கேட்டாலே குடுப்பாங்க, ஆனா உங்களுக்கு தைக்குள்ள பூ வேணும்ங்கறதால நர்சரியிலயே பூத்த செடியா எடுங்க. நித்தியகல்யாணி, இட்லிப்பூ, பத்துமணிப்பூ, கத்தாழை, இவ்ளோதான் லிஸ்ட்டு. கிரில்லுக்கு தேங்காநார்க் கயிறு கட்டி சங்குப்பூ விதை போடுங்க, இப்ப ஐப்பசி மழைக்குப் போட்டா தையில நீலமா பூத்து நிக்கும், கூடவே வெயிலையும் மறைக்கும். மல்லிகை இல்லாம மதுரையில பால்கனியான்னு கேப்பீங்க, வைங்க, ஆனா பெரிய தொட்டியா 14 இஞ்சாவது வேணும், நல்ல வெயில் வேணும், உங்ககிட்ட அது இருக்கு. மல்லிக்கு நவம்பர் கடைசியில கவாத்து பண்ணி, அதாவது கொப்பை வெட்டி விட்டாதான் பங்குனி சித்திரையில பூத்துக் கொட்டும், அதனால நாத்தனார் வர்றப்ப அது மொட்டையாத்தான் நிக்கும், அதை முன்னாடி வச்சுக் காட்டாதீங்க, ஓரமா இருக்கட்டும்.

தொட்டி விஷயத்துலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஒண்ணு நீலம், ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கரடி பொம்மை போட்டதுன்னு கலந்து வச்சா என்ன செடி வச்சாலும் கடை மாதிரிதான் தெரியும். பெயிண்ட் வேலை நடக்கற வீட்ல காலி 10 லிட்டர் பக்கெட் கேட்டு வாங்குங்க, அஞ்சு ஆறு போதும். அடியில பெரியவிரல் பருமனுக்கு நாலஞ்சு ஓட்டை. வெளிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்குங்க, இல்லன்னா பிளாஸ்டிக்ல பெயிண்ட் ஒட்டாது. அப்புறம் காவிக் கலர் எக்ஸ்டீரியர் பெயிண்ட் ஒரு அரை லிட்டர், வெள்ளை ஒரு குட்டி டப்பா, கோயில் மதில்ல இருக்குமே செங்காவிப் பட்டை வெள்ளைப் பட்டை, அதே மாதிரி டேப் ஒட்டி நெட்டுக்குத்தா அடிங்க. ஆறும் ஒரே மாதிரி வரிசையா நிக்கறப்ப பின்னாடி அந்தப் பச்சைச் சுவரு... எனக்கு இப்பவே கண்ணுல தெரியுது. ஒரே ஒரு மண்தொட்டி மட்டும் வேணும்னா விளாச்சேரி போங்க, பொம்மை செய்யற தெருவுலயே கிடைக்கும், துளசிக்கு வச்சுக்கலாம். நிறைய மண்தொட்டி வாங்காதீங்க, மேற்கு வெயில்ல சீக்கிரம் காஞ்சு கோடையில ரெண்டு வேளை தண்ணி ஊத்த வேண்டி வரும், நீங்க வேலைக்குப் போற ஆளு.

மண்ணு, செம்மண் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, தேங்காநார்க் கழிவு ஒரு பங்கு. வெறும் மண்ணா நெறப்பினா கனம், அது பால்கனி, ஞாபகம் இருக்கட்டும், கனமான தொட்டியை சுவரோரமா வைங்க, கைப்பிடிச் சுவர் மேல எதையும் ஏத்தாதீங்க. அடியில தட்டு வச்சா கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வரமாட்டாங்க, ஆனா அந்தத் தட்டுத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டிடணும், டெங்கு கொசு அதுலதான் முட்டை போடும், ஒரு வாரம் விட்டாலே கொசுவாயிடும்.

இப்ப கணக்கு. கடைக்குக் கடை மாறும், ஏறக்குறையத்தான் சொல்றேன். கூடை, ஹோல்டர் வயர், ரெண்டு மூணு பல்பு, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் 1,200. காடாத்துணி, தையக்கூலி, ராடு 1,500. ஜமக்காளம் 1,000. சோஃபா குஷனுக்கு கைத்தறி உறை 500. பால்கனி மொத்தமும் செடி, மண்ணு, பெயிண்ட், ஆட்டோ 2,800. ஆக 7,000 ஆச்சு. மிச்சம் 8,000. இதுல 5,000க்குள்ள ஒரு பழைய மர பெஞ்சு தேடுங்க, ஸ்கூல்ல, டீக்கடையில போட்டிருப்பாங்களே அந்த மாதிரி நீள பெஞ்சு. பழைய மரச்சாமான் கடைகள்ல கிடைக்கும், ஆடுதா, அடியில செல்லு அரிச்சிருக்கான்னு கவுத்துப் போட்டு தட்டிப் பாத்து வாங்குங்க. ஒரு கோட் பாலிஷ் போட்டு ஜன்னலுக்குக் கீழ போட்டா பிளாஸ்டிக் சேர் நாலையும் மாடிக்கு அனுப்பிடலாம். அதே காசுக்கு புதுசா வர்ற பார்ட்டிகிள் போர்டு டிவி யூனிட் பக்கம் போயிடாதீங்க, ஓதச் சுவத்தோரம் வச்சா ஒரு மழைக்காலத்துல ஊறின ரஸ்க் மாதிரி உப்பிடும், லாரியிலயும் ஏறாது, ஏத்தறப்பவே ஒடஞ்சிடும்.

கடைசி 3,000 கையிலயே இருக்கட்டும். நாத்தனார் வந்து ஒரு வாரம் தங்கறப்ப கறி, மீனு, பால், ஜிகர்தண்டான்னு எவ்ளோ ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.

வேலையை பால்கனியில இருந்து ஆரம்பிங்க, செடி பிடிக்க டைம் வேணும். கர்ட்டன் ரெண்டாவது, தீபாவளிக்கு முன்னாடி டெய்லர்கிட்ட போனீங்கன்னா அவர் உங்களை நிமிந்து கூட பாக்க மாட்டாரு, தீபாவளி முடிஞ்ச மறுவாரம் போங்க. ராடு வாங்கப் போறப்ப ஜன்னல் அளவை டேப் வச்சு அளந்து போன்ல எழுதிட்டுப் போங்க, கண்ணளவு வேணாம். அப்புறம் அந்த ஓதச் சுவரை ஓனர் பாத்துட்டாரான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, பெஞ்சை ஜன்னலுக்குக் கீழயே போடலாமா, வேற பக்கம் தள்ளணுமான்னு அதை வச்சுதான் சொல்ல முடியும்.